பிரஸ்டீஜ் கிளாஸ்: எப்போது எடுப்பது, எப்படிக் கொடுப்பது

டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடும் எந்தக் குழுவிலும் நாலாவது லெவல், ஐந்தாவது லெவல் வந்தால் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "அண்ணா, அடுத்த லெவல்ல நான் ஷேடோடான்சர் ஆயிடட்டா?" பக்கத்தில் இருப்பவர் விடுவாரா, "அப்ப எனக்கு அசாசின்" என்பார். இன்னொருவருக்கு வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும். முதல்முறையாக டிஎம் (கதையை நடத்துபவர்) நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வைப்பார். பின்னால் வரும் வம்பெல்லாம் அந்தப் "பார்க்கலாம்"இலிருந்துதான் கிளம்பும்.

இந்தக் கட்டுரை அந்த டிஎம்முக்கும், கேட்கிற தம்பி தங்கைகளுக்கும். நாங்கள் ஆடுவது வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடியில், டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 3.5 விதிகளில். கிளாஸ் என்றால் உங்கள் பாத்திரத்தின் தொழில்; பிரஸ்டீஜ் கிளாஸ் என்றால் சில லெவல் ஏறி, தகுதி இருந்தால் மட்டும் சேர முடிகிற சிறப்புத் தொழில். இதில் என் கட்சி ஒன்றுதான். பிரஸ்டீஜ் கிளாஸ் என்பது மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்கிற சங்கதி இல்லை. கதைக்குள் இருக்கிற ஒரு கூட்டம் உங்கள் ஆளைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது அது. அப்படி வைத்துக்கொண்டால் கணக்கு, சண்டை, பொறாமை எல்லாம் தானாகப் பாதி குறையும்.

முதலில் எந்த எடிஷன் என்று முடிவு செய்யுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. பல கிளாஸ் தாண்டித்தான் ஒரு உயர்ந்த கிளாஸை எட்ட வேண்டும் என்ற யோசனை பழசு. 1978இன் விதிகளில் பார்ட் (பாணர்) ஆக வேண்டுமென்றால் முதலில் ஃபைட்டராக இருந்து, அப்புறம் தீஃப் ஆகி, அதற்கும் அப்புறம்தான் ட்ரூயிட் பக்கம் போய்ப் பாட முடியும். எத்தனை பேர் அந்த வரிசையை ஒழுங்காக முடித்திருப்பார்களோ!

பிரஸ்டீஜ் கிளாஸ் என்ற பெயரோடு அது வந்தது 2000இல், மூன்றாம் எடிஷனில். 2003இன் 3.5இல் அதைத் திருத்தினார்கள். 2009இல் வந்த பாத்ஃபைண்டரிலும் இதே முறை தொடர்ந்தது. நான்காம் எடிஷனில் அந்த இடத்துக்கு 11ஆம் லெவலில் பாராகன் பாத், 21ஆம் லெவலில் எபிக் டெஸ்டினி வந்தன. ஐந்தாம் எடிஷன் ஆடுகிறீர்கள் என்றால் உங்கள் கதை வேறு. கடைசியில் சொல்கிறேன்.

3.5 எடுத்தால் ஒரு வசதி உண்டு. எஸ்ஆர்டி என்ற விதித்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது, பதினைந்து பிரஸ்டீஜ் கிளாஸ்கள் அதிலேயே இருக்கின்றன. ஆனால் லெவல் ஏறும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கணக்கை மட்டும் அதில் தேடாதீர்கள், இருக்காது. கணக்கு சுலபம்தான்: இப்போது இருக்கும் லெவலை ஆயிரத்தால் பெருக்கினால் அடுத்த லெவலுக்குத் தேவையான கூடுதல் எக்ஸ்பி. இரண்டுக்கு மொத்தம் 1,000, மூன்றுக்கு 3,000, நாலுக்கு 6,000, ஐந்துக்கு 10,000.

கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

பிரஸ்டீஜ் கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் நுழைவுத் தகுதி உண்டு. புதிதாக ஆடுபவர்கள் லெவல் ஒன்றில் கைக்கு வந்த ஃபீட்டை (சில லெவலுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமையை) எடுத்துக்கொண்டு, ஆறாம் லெவலில்தான் அந்தத் தகுதிப் பட்டியலைப் பார்ப்பார்கள். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

நிழலில் மறையும் ஷேடோடான்சரையே பார்ப்போம். தேவையான ஸ்கில்: ஹைட் (ஒளிதல்) 10 ரேங்க், மூவ் சைலன்ட்லி (சத்தமின்றி நடத்தல்) 8, பெர்ஃபார்மில் நடனம் 5. ஃபீட்டில் டாட்ஜ், மொபிலிட்டி, காம்பாட் ரிஃப்ளெக்சஸ். ஒரு கிளாஸ் ஸ்கில்லில் (உங்கள் கிளாஸுக்கு உரிய ஸ்கில்லில்) அதிகபட்ச ரேங்க் என்பது லெவலோடு மூன்றைக் கூட்டியது. ஆக, ஹைட் 10 வேண்டுமென்றால் 7ஆம் லெவல் வரை காத்திருந்தே தீர வேண்டும். ரோக் (மறைந்து தாக்கும் கிளாஸ்) ஏழு லெவல், எட்டாவதில் ஷேடோடான்சர். இதைவிட வேகமான வழி கிடையாது.

இப்போது ஃபீட். மனிதர் அல்லாத ஆளுக்கு 1, 3, 6 லெவல்களில் ஒவ்வொன்று கிடைக்கும். மூன்று ஃபீட், மூன்று இடம், ஒன்றுகூட உபரி இல்லை. லெவல் ஒன்றில் ஆசைப்பட்டு இம்ப்ரூவ்ட் இனிஷியேட்டிவ் எடுத்துவிட்டால் காம்பாட் ரிஃப்ளெக்சஸ் 9ஆம் லெவலுக்குத் தள்ளிப்போகும், நுழைவு பத்துக்குப் போய்விடும். மனிதராக இருந்தால் முதல் லெவலில் ஒரு ஃபீட் கூடுதல் என்பதால் தப்பிக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. நடுவில், இரண்டாவது லெவலிலேயே, ஒரே ஒரு லெவல் ஃபைட்டர் எடுத்தால் ஒரு போனஸ் ஃபீட் வரும், இந்த மூன்றுமே ஃபைட்டர் போனஸ் ஃபீட் பட்டியலில் இருப்பவை. ஆனால் சும்மா வராது: ரோக் 7இல் கிடைத்திருக்கும் ஸ்னீக் அட்டாக் (மறைந்து அடிக்கும்போது கூடும் அடி) 4டி6, அதாவது நாலு ஆறுமுகப் பகடை; ரோக் 6இல் 3டி6தான்.

டாட்ஜுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு எண்) 13 வேண்டும் என்பதையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். டாட்ஜ் இல்லாமல் மொபிலிட்டி இல்லை.

ஆகவே ஆட்டக்காரருக்கு நான் சொல்வது இது. கேரக்டர் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்கும்போது கூடவே ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். நுழைய விரும்பும் லெவலை அடியில் எழுதி, அங்கிருந்து மேலே ஒன்று வரை ஒவ்வொரு லெவலுக்கும் எந்த கிளாஸ், எந்த ஃபீட், எந்த ஸ்கில்லில் எத்தனை ரேங்க் என்று பென்சிலில் நிரப்புங்கள். பேனா வேண்டாம், கதை போகும் போக்கில் மாறும். டிஎம்மிடம் அந்தத் தாளை இரண்டாவது லெவலுக்குள் காட்டிவிடுங்கள்.

முதல்முறை எடுப்பவருக்கு எளிதான நுழைவு ஹொரைசன் வாக்கர். எண்டூரன்ஸ் ஃபீட்டும் ஜியாகரஃபி அறிவில் 8 ரேங்க்கும் மட்டுமே தகுதி. ரேஞ்சருக்கு எண்டூரன்ஸ் 3ஆம் லெவலில் இலவசமாகவே வருகிறது, ஜியாகரஃபி அவருக்கு கிளாஸ் ஸ்கில். ரேஞ்சர் 5, ஆறாவதில் நேரே உள்ளே. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு நிலப்பரப்பில் தேர்ச்சி கிடைக்கும். பாலைவனத் தேர்ச்சி எடுத்தால் களைப்பே தட்டாது. மே மாத வேலூரில் எனக்கு அந்த ஒரு பவர் போதும்.

எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிரஸ்டீஜ் கிளாஸ் எல்லாமே கூடுதல் பலம் என்ற நினைப்பு. வாளும் மந்திரமும் கலந்த எல்ட்ரிட்ச் நைட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தால் விஷயம் தெரியும்.

தகுதி இரண்டு. எல்லா மார்ஷியல் (போர்) ஆயுதங்களிலும் பயிற்சி, மூன்றாம் நிலை ஆர்கேன் ஸ்பெல் (விசார்ட் வகை மந்திரம்). ஒரு லெவல் ஃபைட்டர், ஐந்து லெவல் விசார்ட் (மந்திரவாதி), ஏழாவதில் எல்ட்ரிட்ச் நைட். அதன் முதல் லெவலில் போனஸ் ஃபீட் கிடைக்கும், மந்திரம் ஏறாது. ஆக மொத்தம் இரண்டு லெவல் மந்திரம் போயிற்று. பத்தாம் லெவலில் இந்த ஆள் எட்டாம் லெவல் விசார்டுக்குச் சமம்: கையில் நான்காம் நிலை ஸ்பெல். பக்கத்தில் வேறெதுவும் கலக்காமல் வந்த விசார்ட் அதே நேரம் ஐந்தாம் நிலை ஸ்பெல் போட்டுக்கொண்டிருப்பார். வாள் பக்கம் வந்தால் பேஸ் அட்டாக் போனஸ் (அடி படுமா என்று உருட்டும் பகடையோடு கூட்டும் எண்) +7, சுத்தமான ஃபைட்டருக்கு +10, விசார்டுக்கு +5. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள் இவர். அதற்கு மேல், கவசம் போட்டால் மந்திரம் தவறும் சதவீதம் இந்த கிளாஸால் குறைவதில்லை. செயின் ஷர்ட் போட்டால் 20 சதவீதம், அவ்வளவுதான்.

மோசமான கிளாஸா? இல்லை. எனக்குப் பிடித்த கிளாஸ். ஆனால் இந்த எண்களைப் பார்த்துவிட்டு எடுங்கள். பார்க்காமல் எடுத்தவர்தான் எட்டாம் லெவலில் "என் அடி ஏன் படவே மாட்டேங்குது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கிளெரிக் (பூசாரி), விசார்ட் இருவரின் மந்திரத்தையும் சேர்த்து வளர்க்கும் மிஸ்டிக் தியர்ஜ் இன்னும் கடினம். கிளெரிக் 3, விசார்ட் 3 முடித்து ஏழாவதில்தான் நுழைவு. அப்போது இரு பக்கமும் இரண்டாம் நிலை ஸ்பெல்தான், கூட வருகிற விசார்டிடம் நான்காம் நிலை ஸ்பெல் இருக்கும். நாலிலிருந்து ஏழாவது லெவல் வரை இவர் பார்ட்டிக்கு (கூட ஆடும் குழுவுக்கு) பாரம்போலத் தெரிவார். பத்துக்குப் போனால் இரண்டு பட்டியலிலும் நான்காம் நிலை, எண்ணிக்கையில் யாரும் கிட்டே நெருங்க முடியாது. அதுவரை பொறுக்கும் மனசு இருக்கிறதா என்பதுதான் தகுதி. புதியவருக்கு நான் இதைத் தருவதே இல்லை.

இன்னொரு இடறல். ரோக், விசார்ட், கிளெரிக் மூன்றுக்கும் முதல் லெவலில் பேஸ் அட்டாக் போனஸ் பூஜ்யம். மூன்றிலும் ஒவ்வொரு லெவல் எடுத்த ஆளுக்கு மூன்றாம் லெவலிலும் பூஜ்யம்தான். அப்புறம் எக்ஸ்பி வெட்டு. சாதாரண கிளாஸ்களுக்கு நடுவில் ஒரு லெவலுக்கு மேல் இடைவெளி இருந்தால் எக்ஸ்பியில் 20 சதவீதம் போகும். இனத்துக்கு உரிய ஃபேவர்ட் கிளாஸ் அந்தக் கணக்கில் வராது. ஃபைட்டர் 1, விசார்ட் 5 என்ற கலவையில் மனிதருக்கும் எல்ஃபுக்கும் வெட்டு இல்லை, ஹாஃப்லிங்குக்கு உண்டு. பிரஸ்டீஜ் கிளாஸ் லெவல்கள் இந்தக் கணக்கில் சேரவே சேராது. பல டேபிள்களில் இந்த வெட்டையே தூக்கிப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். நானும் அப்படித்தான், கூட்டல் கழித்தலில் ஞாயிற்றுக்கிழமை போவதற்கு இது என்ன ஆடிட்டர் ஆபீஸா?

இனி டிஎம்முக்கு

பதினைந்தையும் திறந்து விடாதீர்கள். பிரஸ்டீஜ் கிளாஸ் டிஎம் விருப்பத்துக்கு உட்பட்டது என்று விதிகளே சொல்கின்றன. அந்த அதிகாரத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். உங்கள் உலகத்தில் எந்தக் கூட்டங்கள் இருக்கின்றனவோ, அவற்றுக்குப் பொருந்தும் மூன்று நான்கு கிளாஸ் போதும். முதல் செஷனிலேயே பெயர்களை அறிவித்துவிடுங்கள்.

உலகத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கருங்கல் மதிலும் அகழியுமாக ஒரு கோட்டை நம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. அதை மனசில் வைத்து வரைந்தால் ட்வார்வன் டிஃபெண்டருக்கு வீடு கிடைத்துவிடும். நின்ற இடத்தை விட்டு நகராமல் சண்டை போடுவதுதான் அந்த கிளாஸின் உயிர். தற்காப்பு நிலைக்குப் போனால் உடம்பு பலமும் ஏசியும் (அடி படாமல் காக்கும் எண்) ஏறும், கால் மட்டும் பெயராது. திறந்தவெளியில் அது வீண், கோட்டை வாசலில் பொன். தகுதியில் ட்வார்ஃபாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் உலகில் ட்வார்ஃபே இல்லையென்றால், கோட்டைக் காவல் பரம்பரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பேஸ் அட்டாக் போனஸ் +7, மூன்று ஃபீட் போன்ற எண்களை மட்டும் தளர்த்தாதீர்கள். எண்களைத் தளர்த்தினால் அடுத்தவர் வந்து கேட்பார்.

ஷேடோடான்சருக்கு நான் கொடுத்த இடம் கூத்துக் குழு. வடாற்காட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாரதத் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. குழு ஊர் ஊராகப் போகும், எந்த ஊரும் சந்தேகப்படாமல் இடம் கொடுக்கும். ஒற்றனுக்கு இதைவிட நல்ல வேஷம் உண்டா? விதியில் ஏன் நடனம் 5 ரேங்க் கேட்கிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் கேட்பார்கள். கூத்துக் குழுவைக் காட்டினால் கேள்வி அடங்கிவிடும். குழுவில் கட்டியக்காரன்தான் தலைவன். மேடையில் கிண்டலடித்துக்கொண்டே கூட்டத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பவன் அவன். ஒன்று மட்டும்: உண்மையான சாமியையும் கோயிலையும் ஆட்டத்துக்குள் இழுக்காதீர்கள். டேபிளில் யாருக்கு எது மனசில் படும் என்று தெரியாது. கூத்தை எடுத்துக்கொண்டு, அது நடக்கும் கோயிலுக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள்.

அந்தக் கூட்டத்தின் ஒரு ஆளை மூன்றாம் லெவலுக்குள்ளேயே கதையில் காட்டிவிடுங்கள். பெரிதாக வேண்டாம், சத்திரத்தில் அரிதாரம் கலைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் பார்ட்டியிடம் நெருப்பு கேட்கட்டும். ஐந்தாம் லெவலில் அவனுக்கு ஒரு உதவி செய்ய வேண்டி வரட்டும். தகுதி நிறைகிற ஏழாம் லெவலில் அவர்கள் ஒரு வேலை கொடுக்கட்டும். எங்கள் டேபிளில் அந்த வேலை இப்படி இருந்தது: விடியும் வரை மேடையில் ஆட வேண்டும், நடுவில் திரை பிடித்திருக்கும் நேரத்தில் இறங்கி, மிராசுதார் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு ஓலையை எடுத்துக்கொண்டு, திரை விலகும்போது மறுபடி மேடையில் இருக்க வேண்டும். மொத்தப் பார்ட்டிக்கும் வேலை இருந்தது. ஃபைட்டர் திரை பிடித்தார், கிளெரிக் மிராசுதாரிடம் பேச்சுக் கொடுத்தார், விசார்ட் விளக்கை அணைய விடாமல் பார்த்துக்கொண்டார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். ஒருவருக்கான நுழைவு வேலையில் மற்ற மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த செஷன் படுத்துவிட்டது என்று அர்த்தம். தனியாக ஒருவரை மட்டும் அனுப்பும் வேலையை எழுதாதீர்கள்.

அசாசின் விஷயம் வேறு. தீய அலைன்மென்ட் (குணச் சார்பு) கட்டாயம். அதோடு, அந்தக் கூட்டத்தில் சேர்வதற்காக மட்டுமே, வேறெந்தக் காரணமும் இல்லாமல், ஒரு ஆளைக் கொன்றிருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. முதல் முறை ஆடும் குழுவில் இதை அனுமதித்தால், "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று சொல்லி யாராவது பார்ட்டிக்குள்ளேயே கத்தி எடுப்பார்கள். முதல் நாளே இல்லை என்று சொல்லிவிடுங்கள். அஞ்சாம் லெவலில் சொல்கிற 'இல்லை' கசக்கும்.

கிளாஸ் கைக்கு வந்த பிறகு

புது பவரை டிஎம் ஒரு வாரம் முன்னாலேயே படித்திருக்க வேண்டும். ஷேடோடான்சரின் முதல் லெவலிலேயே, யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் மறையும் சக்தி வருகிறது. புது டிஎம் பலர் இதைக் கண்டு கையைப் பிசைவார்கள். விதியைப் பொறுமையாகப் படித்தால் பதில் அதிலேயே இருக்கிறது. பத்தடிக்குள் ஏதாவது நிழல் இருக்க வேண்டும், தன் சொந்த நிழல் செல்லாது. உச்சி வெயிலில், தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் துரத்தினால்? மரம் இல்லை, சுவர் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல்தான். எங்கே போய் மறைவார்? நாங்கள் அப்படி ஒரு துரத்தல் ஆடினோம். கடைசியில் ஃபைட்டரின் குதிரை நிழலில் போய் ஒளிந்து தப்பினார் அந்தத் தங்கை. குதிரை ஓடிக்கொண்டே இருந்ததால் அவரும் கூடவே ஓட வேண்டியிருந்தது, அது தனிக் கூத்து.

ஆனால் ஒவ்வொரு சண்டையையும் உச்சி வெயிலில் வைத்தால் அது பழிவாங்கல். ஏழு லெவல் காத்திருந்து வாங்கிய சக்தி. நாலு சண்டையில் மூன்றில் அது வேலை செய்யட்டும்.

மந்திரக் கிளாஸ் கலந்தவர்கள் தங்கள் முறை வருவதற்குள் ஸ்பெல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வையுங்கள். கிளெரிக் பட்டியலும் விசார்ட் பட்டியலும் தனித்தனித் தாளில், முடிந்தால் வேறு வேறு நிற மையில்.

இடையில் கதை திசை மாறி, ஆட்டக்காரரின் திட்டம் வீணாகிவிட்டால், ஒரு ஃபீட்டை மாற்றிக்கொள்ள விடுங்கள். ஒருமுறை மட்டும், கதையில் ஒரு குருவிடம் பயிற்சி என்று காரணம் வைத்து. ஆறாம் லெவலில் ஒருவரைப் பிடித்து வைத்து, ஒன்றாம் லெவலில் எடுத்த ஃபீட்டுக்காக வருஷம் முழுக்கத் தண்டிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

காலண்டர்

நாலு பேர் பார்ட்டிக்குச் சராசரியாக 13 சம பலச் சண்டைக்கு ஒரு லெவல் என்றுதான் 3.5இன் கணக்கு. வாரம் ஒரு செஷன் வைத்து, அதில் மூன்று சண்டை நடந்தால் ஒரு லெவலுக்கு நாலு வாரத்துக்கு மேல் ஆகும். எட்டாம் லெவலை எட்ட ஏழு மாதம். ஹாஸ்டல் பசங்களை வைத்து ஆடினால் செமஸ்டர் முடிந்து காட்பாடி ஜங்ஷனில் ஆளுக்கொரு ரயில் ஏறிவிடுவார்கள், ஷேடோடான்சரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி ஷிப்ட்டில் இருப்பவர்கள் இருந்தால் வாரா வாரம் என்பதே கனவு.

அதனால் அப்படிப்பட்ட குழுவுக்கு ஐந்தாம் லெவலில் தொடங்குங்கள். ஆளுக்கு 10,000 எக்ஸ்பி, 9,000 பொற்காசு மதிப்புக்குப் பொருள்கள். மூன்று மாதத்தில் எட்டைத் தொடலாம், நுழைவு வேலையும் ஆடி முடிக்கலாம். அதற்கு முன்னால் கூட்டத்து ஆளைச் சந்தித்தது, உதவி செய்ததெல்லாம் பழைய கதை என்று ஒவ்வொருவரும் நாலு வரி எழுதி வரட்டும்.

ஐந்தாம் எடிஷன் ஆடுபவர்களுக்கு

உங்கள் விதிகளில் பிரஸ்டீஜ் கிளாஸ் இல்லை. 2015இல் ரூன் ஸ்க்ரைப் என்று ஒன்றைச் சோதனைக்கு வெளியிட்டார்கள், அதோடு சரி. எல்ட்ரிட்ச் நைட் இப்போது ஃபைட்டரின் சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு), அசாசினும் ஆர்கேன் ட்ரிக்ஸ்டரும் ரோக்கின் சப்கிளாஸ். 2014 விதிகளில் கிளாஸைப் பொறுத்து 1, 2 அல்லது 3ஆம் லெவலில் சப்கிளாஸ் வரும், 2024 விதிகளில் எல்லாருக்கும் மூன்றில். கிளாஸ் கலக்க வேண்டுமென்றால் இரு கிளாஸுக்கும் உரிய திறன் எண் 13 வேண்டும். ஃபைட்டர், பாலடின் மாதிரி அடிதடி கிளாஸில் இருப்பவர் ஐந்தாம் லெவலைத் தொடாமல் வேறு கிளாஸுக்குத் தாவாதீர்கள், இரண்டாவது அடி அங்கேதான் வருகிறது. திறன் எண் ஏறுவதும் அந்தந்த கிளாஸின் நாலாவது லெவலில்தான், மொத்த லெவலில் இல்லை. இரண்டு கிளாஸில் மூன்று மூன்று லெவல் எடுத்தவருக்கு ஆறாவதிலும் ஒன்றும் ஏறியிருக்காது. கூத்துக் குழுவை இங்கேயும் அப்படியே வைக்கலாம், மூன்றாம் லெவலிலேயே சப்கிளாஸ் வந்துவிடும் என்பதால் அந்த அரிதாரக்காரனை முதல் செஷனிலேயே கொண்டுவந்துவிட வேண்டும்.